இருபத்திரண்டு டிகிரி

புள்ளிகள் நகர்ந்திருந்தன.

டாக்டர் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு முறை அளந்தாள்.

இருபத்திரண்டு டிகிரி.

போன வாரம் பாவாயியின் வலக்கண்ணில் புரை எடுத்து, அந்த லென்ஸை வைத்தவள் அவள்தான். விழியின் கோணலையும் சேர்த்துச் சரிசெய்யும் லென்ஸ். குறித்த கோணத்தில் நின்றால்தான் பலன். நிற்கிறதா என்பதை லென்ஸின் ஓரத்தில் பொறித்த புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பாவாயிக்குச் சென்னிமலையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும்.

“ஒரு நூலு ரெண்டாத் தெரியுதுங்க டாக்டரம்மா. நீங்க சொல்லியுங் கேக்காம ரெண்டாம் நாளே கொடத்தத் தூக்கிட்டனுங்க. அதுலதான் என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பாவாயி நம்பிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் நர்ஸும்தான்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“குடத்துனால இல்லைங்க. லென்ஸ் உக்கார்ற பை உங்க கண்ணுல கொஞ்சம் பெருசு. பிடிமானத்துக்கு அன்னைக்கே ஒரு வளையம் வெச்சிருக்கணும். தேவையில்லைன்னு நான்தான் விட்டுட்டேன்.”

பாவாயி மடியிலிருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“இப்ப வெச்சா நிக்குமுங்களா?”

“நிக்கும்.”

யோசிக்காமல் சொன்னாள். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை அதே கண். பழைய கீறல் வழியாகவே உள்ளே போனாள்.

வளையம் விரிந்து, தொளதொளத்த பையை இழுத்து நிறுத்தியது. லென்ஸைத் தொட்டுத் திருப்பினாள். புள்ளிகள் குறித்த கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள். வேலைக்காக உள்ளே செலுத்திய ஜெல் பின்னால் தேங்கினால் லென்ஸ் வழுக்கும்; அதைத் துளி மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுத்தாள்.

பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு.

அசையவில்லை.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் புள்ளிகள் அதே கோட்டில் இருந்தன. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரியைப் பாவாயி மூச்சுவிடாமல் படித்தாள்.

“அவ்ளோதாங்க. வேலைக்குப் போகலாம்.”

பாவாயி எழுந்திருக்கவில்லை.

வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். புரை படர்ந்த இடக்கண்ணை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

“இது எப்பங்க?”