குழாய்க்குள் இருபத்தைந்து நிமிடம்

ஸ்கேன் குழாய்க்குள் தலை போனதுமே தையற்காரம்மாவுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது.

லிஃப்டிலும் கூட்டமான பஸ்ஸிலும் வருகிற அதே பீதி.

மூக்குக்கு நாலு விரல் மேலே வெள்ளைக் கூரை. கையில் ஒரு ரப்பர் பந்து. முடியாவிட்டால் அமுக்கச் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு முன் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள். மயக்க மருந்து கொடுக்கலாமே என்றால், சொல்லும்போது மூச்சை அடக்க ஆள் விழித்திருக்க வேண்டுமாம். இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனநல ஆலோசகர் ஒரு புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார். வாரம் ஒரு அத்தியாயம் அவளாகப் படிக்க வேண்டும். வாரத்துக்குப் பத்து நிமிடம் போனில் பேசுவார். ஐந்தே வாரம். நேற்றோடு அதுவும் முடிந்தது.

புத்தகம் சொன்னபடி தினமும் வெட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பழகினாள். சுற்றிலும் துணியைத் தொங்கவிட்டு, முதலில் இரண்டு நிமிடம், பிறகு பத்து, பிறகு இருபது. துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைக் கண்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டாள்.

இயந்திரம் தடதடத்தது.

கை மரத்தது. செத்துவிடுவோம் என்று தோன்றியது.

ஓடாதே, சண்டையும் போடாதே, ஏறினது இறங்கும் என்றது நாலாம் அத்தியாயம்.

ஏறிக்கொண்டேதான் இருந்தது.

"மூச்சை அடக்குங்க," என்றது காதில் ஒரு குரல்.

மூச்சே வராதவள் எதை அடக்குவது? விரல்கள் பந்தைச் சுற்றி வளைந்தன. ஒரு அமுக்கு. வெளியே போய்விடலாம்.

கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். அடக்கினாள்.

விட்டாள். மறுபடி அடக்கினாள். எத்தனை தடவை என்று தெரியாது. ஏதோ ஒரு தடவை, நெஞ்சு தன்பாட்டுக்கு அடங்கியிருப்பதைக் கவனித்தாள்.

பலகை வெளியே நகர்ந்தபோது அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது.

நர்ஸ் கைகொடுத்து உட்காரவைத்தாள். படமெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது என்றாள். உடம்பில் ஒரு நோயும் இல்லாதவர் இத்தனை பாடு படுகிறீர்களே, பாதி ஈரலை மகளுக்கா கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

தையற்காரம்மா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மருமகளுக்கு. அவ எங்கிட்ட பேசி மூணு வருஷமாச்சு."