ஒரு மைனஸ் குறி

"ஒரே ஒரு புரோகிராம் தப்பா ஓடிச்சுன்னா, மத்த பதினொண்ணையும் எதுக்கு நிறுத்தினீங்க பிரசாத்?"

மெஹ்விஷ் கேட்ட வேகத்தில் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பிரசாத் மட்டும் நிமிரவில்லை.

"சர்வர் திணறிடுச்சுங்க. திரும்ப ஓட விடுங்க, ஓடும்."

"காலைலருந்து ஓடினது! நாலு மணிக்கு ரிசல்ட் காட்டினாத்தான் மேடம் என்னை பர்மனென்ட் பண்ணுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

வேங்கிக்காலில் இருந்த அந்தச் சின்ன கம்பெனி, பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜ் அறை பிடிக்க மென்பொருள் தயாரித்தது. பன்னிரண்டு பேர் எழுதிய புரோகிராம்களும் சர்வரில் ஒரே குழுவாக ஓடும். ஒன்றை மட்டும் நிறுத்த, அதன் எண்ணுக்கு சிக்னல் அனுப்பினால் போதும். குழுவின் எண்ணைக் கொடுத்து முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டால், சிக்னல் அத்தனைக்கும் போய்ச் சேரும். அத்தனையும் நின்றுவிடும்.

பிரசாத் மைனஸ் போட்டிருந்தான்.

"ஒரு ரூம்ல குழாய் ஒழுகினா, லாட்ஜ்ல இருக்கிற எல்லாரையும் எழுப்பி ரோட்டுல நிக்க வைப்பீங்களா? அதுவும் பௌர்ணமி அன்னைக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிரசாத் சிரிக்கவில்லை.

"தப்பா ஓடினது யாரோடது?"

"அது எதுக்குங்க இப்ப?"

"சுரேஷ்குமாரோடதா? தினமும் ஒண்ணா டீ குடிக்கிறவங்களாச்சே. யாரையோ காப்பாத்துறீங்க!"

பிரசாத்தின் முகம் மாறியது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஒருத்தி பேசியதற்காக வகுப்பு முழுவதும் வெயிலில் முட்டி போட்டது. அன்று விழுங்கிய கோபம் இப்போது மேலே வந்தது. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்து கோபப்படுவதில் ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகத்தோடு நிர்வாகி அருணாதேவியின் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சாகணும். ஒருத்தருக்காக எல்லாரும் அனுபவிக்க முடியாது."

பின்னாலேயே பிரசாத் ஓடி வந்தான். "வேணாம் மேடம். நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் மேலயே எழுதிக்கங்க."

"பாத்தீங்களா மேடம்? போன மாசம் புரோகிராம் சர்வரை அடைச்சதுக்கு அர்பாஸை வேலையை விட்டே அனுப்பினீங்க. இவருக்கு வேண்டியவங்கன்னா மட்டும் பேரு வெளிய வராதா?"

"நியாயம்தான்" என்ற அருணாதேவி, சர்வரின் பதிவுகளைத் திறந்தார்.

"மெஹ்விஷ், விட்டுடுங்க. ப்ளீஸ்" என்றான் பிரசாத் மெதுவாக.

"விட மாட்டேன்."

அருணாதேவி பதிவை இரண்டு முறை படித்தார். பிரசாத்தை ஒருமுறை பார்த்தார். அவன் தலை குனிந்திருந்தது.

"தனியா ஒண்ணை நிறுத்தினா, அதை எழுதினவங்க பேரோட எனக்கு உடனே மெயில் வந்துடும். கூட்டமா நிறுத்தினா யாரு பேரும் வராது. அதுக்காகத்தாம்மா இவன் மைனஸ் போட்டிருக்கான்" என்று சொல்லி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் கேட்ட பெயர் அதில் இருந்தது: மெஹ்விஷ்.