முனியின் கடைசிப் பாகம்

கத்திப்பாரா மேம்பாலத்தடியில் குடியிருக்கும் முனியின் கதை பன்னிரண்டு பாகம். படிப்பவரின் நாடியைப் பார்த்து, அடுத்தது எது என்று மின்வாசிப்புப் பலகையே எடுத்துக் கொடுக்கும்.

பூங்கோதையின் கணவர் தணிகைவேல் நான்காம் பாகத்தை முடித்துவிட்டுப் பலகையைத் தொட்டார்.

"கோதை, இதுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு. அந்த முனி யாருன்னே இன்னும் தெரியல, அதுக்குள்ள கடைசிப் பாகத்தை நீட்டுது பாரு."

காபி ஆற்றிக்கொண்டிருந்த பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அண்ணனுக்கும் இப்படித்தான் பாதியிலேயே கடைசிப் பாகம் வந்தது. அதை முடித்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார்.

"அஞ்சாவதைக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார் தணிகைவேல்.

"வேணாங்க, வந்ததையே படிங்க, முனி யாருன்னாவது தெரிஞ்சுடும்," என்றாள், காபியை அவர் பக்கம் நகர்த்தியபடி. "ஆனா அவசரப்படாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்."