மச்சானுக்கு ஆகாதது

"எங்க அண்ணனுக்கு உப்பு, காரம், எண்ணெய் எதுவும் ஆகாது. அவர் கிளம்புற வரைக்கும் வீட்டுல வேகவச்ச காய்தான்" என்றாள் மனைவி.

"அதுக்கு நான் ஏன் பத்தியம் இருக்கணும்? எனக்கு மட்டும் ரெண்டு மீன் பொரிச்சுக் கொடேன்."

"விருந்துக்கு வந்த மனுஷன் பார்த்துட்டு இருக்க, நீங்க மீன் கடிப்பீங்களா? வெட்கமா இல்லை?"

இல்லைதான். ஆனால் அதைச் சொல்ல முடியுமா?

மச்சானோ ஒரு குறையும் சொல்லாமல் சுரைக்காயை விழுங்குவார். இன்னும் கொஞ்சம் வைக்கப் போனால், பதறிப்போய்க் கையால் தட்டை மூடுவார். என்ன கட்டுப்பாடு என்று வியந்தபடியே கணவனும் விழுங்கினான்.

சனிக்கிழமை நாக்கு செத்தே போனது. மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டு, தெருமுனை மீன் வறுவல் கடைக்குள் நுழைந்தான். மூலை பெஞ்சில், வாய் நிறைய மீனோடு மச்சான்!

"மச்சான், உங்களுக்குத்தான் இதெல்லாம் ஆகாதே!"

"எனக்கா? உங்களுக்குத்தான் ஆகாதுன்னு தங்கச்சி சொல்லிச்சு மாப்பிள்ளை. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"வீட்டுக்கு வாங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்" என்று பொங்கியபடி மச்சான் பக்கத்தில் உட்காரப் போனான்.

கடைக்காரர் ஓடிவந்தார். "அந்த இடம் வேண்டாம் சார். தினமும் வர்ற ஒரு அக்கா இப்ப வந்துடுவாங்க. வீட்டுல ரெண்டு பேருக்குப் பத்தியமாம். குக்கர் ஒரு விசில் அடிச்சா சமையல் முடிஞ்சுதாம். ஆனா அந்தச் சாப்பாடு அவங்களுக்குத் தொண்டையில இறங்கலையாம், பாவம்!"