நாலு நாற்காலிச் சபை

தேவ சந்நிதியின் விலை நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பாத்திரக்கடைக்காரர் அதையும் விடாமல் பேரம் பேசி, ஒரு தண்ணீர் ஜக்கை இனாமாகப் பிடுங்கிக்கொண்டுதான் சபையைத் தொடங்கினார்.

சபை என்றால் அவர் வீட்டு முன்னறை. பீடம் இல்லை, போதகர் இல்லை, காணிக்கைப் பையும் இல்லை. அவருக்கு ஒரு நாற்காலி. தையல்காரர், நர்ஸ், பஸ் டிரைவர் மூவருக்கும் ஆளுக்கொன்று. டீ போடுகிற மனைவிக்கு நாற்காலி எதற்கு என்று அவரும் யோசித்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

தெருக்கோடியில் பெரிய சர்ச் இருக்கத்தான் இருக்கிறது. அவருடைய ஒரே மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது, அப்படிப்பட்ட சாவுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அவர்கள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். சவப்பெட்டியோடு வெயிலில் நின்ற கூட்டத்தில் இந்த மூன்று பேர் மட்டும், இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவரோடு திரும்பி வந்தார்கள்.

அந்த மூன்று பேரை நினைத்துத்தான் கடைக்காரருக்கு இன்று காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தது. மகனைப் பொது மயானத்து மண்ணில் வைத்த அன்றே அவருடைய விசுவாசமும் உள்ளே போய்விட்டது. சொந்தபந்தம், நாளைக்குத் தங்களுக்கென்று இருந்த ஆறடி நிலம் எல்லாவற்றையும் தனக்காக உதறிவிட்டு வந்தவர்களிடம் இதை எந்த வாயால் சொல்வது? இனியும் மறைத்தால் அது மோசடி. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

ஜெபம் ஆள் மாற்றி ஆள் சுற்றி வந்தது. டிரைவர் மேட்டில் ஏறுகிற பஸ் போல முக்கி முனகி, "எங்க அண்ணனுக்கு ஆறுதல் குடும் ஆண்டவரே" என்று ஒருவழியாக நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதே நேரம் சமையலறையில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். தீய்ந்த பால் வாசனை முன்னறைக்கு வந்தது.

"இந்த வாரமும் பொங்கிடுச்சா?" என்றாள் நர்ஸ்.

"அடுப்புக்கு நேரா நின்னுக்கிட்டே பாலைப் பொங்க விடுறவ உலகத்துலயே இவ ஒருத்திதான்" என்றார் கடைக்காரர். "நாம ஜெபத்தை ஆரம்பிச்சா போதும், இவ கவனம் எங்கயோ போயிடும்."

"கவனிக்கலீங்க" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

அவர் முறை. கண்ணை மூடினார், திறந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. மேல யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. பையனைப் புதைச்ச அன்னிக்கே எல்லாம் போயிடுச்சு. எனக்காக வந்த உங்களை நடுத்தெருவுல விடக் கூடாதேன்னுதான், சரக்கே இல்லாத கடையை வாராவாரம் திறந்து வெச்சேன்."

நர்ஸ் அழுவாள், டிரைவர் கத்துவார், தையல்காரர் எழுந்து போய்விடுவார் என்று அவர் போட்ட கணக்கு ஒன்றுகூட நடக்கவில்லை. தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாங்க மட்டும் என்னண்ணே, வாங்கவா வந்தோம்?"

"புரியலையே."

"எனக்கும் அந்த விசுவாசம் இல்லண்ணே. நீங்க மனசு ஒடிஞ்சு போயிடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க, வந்தேன்."

"எங்கிட்ட நீங்கதான சொன்னீங்க!" என்று டிரைவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டைச் சாத்துன சத்தத்தோட எனக்கு எல்லாம் விட்டுப்போச்சுண்ணே. முழு ஜெபமும் எனக்குத் தெரியாது. அதான் ஆறுதலையே திருப்பித் திருப்பிக் கேட்டுட்டிருந்தேன்."

எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். அவள் கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஆஸ்பத்திரியில பாக்காததா? எனக்கு எப்பவோ போச்சு. அண்ணனுக்காகத்தான் கண்ணை மூடி உக்காந்தேன். பாதி நாள் அப்படியே தூங்கியிருக்கேன்."

சாவு வீட்டில் யாரோ தும்மினது போல டிரைவர் முதலில் சிரித்தார். பிறகு நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அந்த அறையில் பேசுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

"அடுத்த வாரத்துலருந்து ஞாயித்துக்கிழமை டியூட்டி கேட்டா குடுப்பாங்க" என்று டிரைவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நர்ஸ் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கிவிட்டார்; இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. ஆனாலும் வியாபாரி அல்லவா, முடித்துவைத்தார்.

"நான் உங்களுக்காக, நீங்க எனக்காக. கொடுக்கல் வாங்கல் நேராயிடுச்சு. யாருக்கும் யாரும் பாக்கி இல்ல."

ஆளுக்கொரு தலையசைப்போடு செருப்பைத் தேடினார்கள். அப்போதுதான் சமையலறை வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தலையில் போட்டிருந்த முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் கேட்டியா?" என்றார் அவர். "இனிமே உனக்கும் ஞாயித்துக்கிழமை வேலை மிச்சம்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அவர் முகத்தில் நிறுத்தினாள்.

"அப்ப இனிமே நான் யாரோடங்க ஜெபம் பண்ணுவேன்?"