ஸ்பேர் கிடைக்காத துப்பாக்கி

"பத்தும் பத்தரை மாத்துத் தங்கம், காக்கா. ஒரு தோட்டா சிக்கிச்சுன்னாலும் என் பேரை மாத்திக்கிடுதேன்."

மேசை மேல் கையடக்க பிஸ்டல்களை வரிசையாக அடுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான் ஜெயசீலன். ஷார்ஜாவில் இந்த மாதத்தோடு மூடப்போகும் துப்பாக்கி சுடும் கிளப் அது. அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன் அவன்.

வாங்க வந்திருந்தவர் ராஸ் அல் கைமாவில் புது கிளப் திறக்கும் அரபி முதலாளி. எல்லோருக்கும் அவர் அர்பாப். சரக்கைச் சோதித்துச் சொல்ல அவர் கூட்டி வந்த ஆள் சாதிக் பாட்ஷா.

உள்ளே நுழையும்போதே சாதிக் போனில், "பொறகு பேசுறேன் லாத்தா" என்றார். ஜெயசீலனுக்குப் பிடிபட்டுவிட்டது. அக்காவை லாத்தா என்கிறார் என்றால் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இவன் தூத்துக்குடி, பக்கத்து ஊர். பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

"காக்கா கீக்கா எல்லாம் வேணாம். பொருளைப் பார்ப்போம்" என்றார் சாதிக்.

ஜெயசீலனுக்குச் சுருக்கென்றது. போகட்டும், காரியம் ஆனால் சரி. பிஸ்டல்கள் மொத்தமாக விலைபோனால் தன்னுடைய கராஜில் வேலை தருவதாக இந்தக் கிளப்பின் முதலாளி சொல்லியிருந்தார். போகாவிட்டால் விசா கேன்சல். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாதிக் ஒவ்வொரு குழலுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ரேஞ்சில் போய்ச் சுட்டார். ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை.

"பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி ஓடுது!"

"இன்னைக்கு ஓடுது. இந்த மாடலைக் கம்பெனிக்காரன் நிறுத்தி வருஷக்கணக்காச்சு. நாளைக்கு ஒரு ஸ்பிரிங் போனா?"

ஜெயசீலன் அலட்டிக்கொள்ளாமல் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினான். ஊரிலிருந்து மக்ரூன் வந்த டப்பா. இப்போது அதில் கொஞ்சம் ஸ்பிரிங்குகளும், காலித் தோட்டாவை வெளியே இழுத்துப் போடும் சின்னச் சின்னக் கொக்கிகளும் கிடந்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சாதிக் ஒரு பிஸ்டலின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். "இதென்ன, நெயில் பாலிஷா?"

"என் வீட்டுக்காரி அகிலாவோடது. சிவப்புப் பொட்டு இருந்தா ஸ்பிரிங் மாத்துனது. ரோஸ் பொட்டு, கொக்கி மாத்துனது."

"மாத்துறதுக்குச் சாமான் எங்கேருந்து வந்துச்சு?"

ஜெயசீலன் டப்பாவை மூடி ஓரமாக வைத்தான்.

"லைசென்ஸ்ல பன்னிரண்டு இருக்கு. மேசையில பத்துதான் இருக்கு. மீதி ரெண்டைக் கொண்டாங்க."

யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஜெயசீலன் அந்த இரண்டையும் லாக்கரின் மூலையில் தள்ளி வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் எடுத்து வந்தான். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகள். அவற்றைப் பிரித்துப் போட்டுத்தான் மற்ற பத்தையும் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறான்.

அர்பாப்பின் முகம் சுருங்கியது.

"யார் பிரிச்சது?" என்றார் சாதிக்.

"நான்தான்."

"எதைக் கழட்டி எதுல போட்டிருக்கு, எது எப்போ போகும்னு வேற யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்." சொன்ன பிறகுதான், மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது.

சாதிக் அர்பாப் பக்கம் திரும்பி இந்தியில் ஆரம்பித்தார். "ஸ்பேர் மாஃபி, அர்பாப். துபாய்லயும் கிடையாது, வெளிநாட்டுலயும் கிடையாது. ரெண்டைத் தின்னுட்டுத்தான் பத்து உயிரோட இருக்கு."

ஜெயசீலனுக்கு ஆத்திரமாக வந்தது. முன்பின் தெரியாதவன்கூட இப்படிக் கவிழ்க்க மாட்டான். ஊர்க்காரனே குழி பறிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?

அர்பாப் எழுந்துவிட்டார். "கலாஸ், முடிஞ்சது. யல்லா, போகலாம்."

சாதிக் நகரவில்லை. "ஒரே ஒரு ஸ்பேர் இருக்கு, அர்பாப். அதையும் சேர்த்துத் தந்தா வாங்கலாம். இல்லேன்னா சும்மா குடுத்தாலும் வேணாம்."

"எங்கே அது?"

சாதிக் ஜெயசீலனைக் கைகாட்டினார். "இவர்தான். நம்ம கிளப்ல இவருக்கு விசா போடுங்க. பத்தும் ஓடும்."

அர்பாப் அந்தக் கூடுகளைப் பார்த்தார். நெயில் பாலிஷ் பொட்டுகளைப் பார்த்தார். கடைசியில் ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அச்சா. பாஸ்போர்ட் காப்பி கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, விலை பேச ஜெயசீலனின் முதலாளி அறைக்குப் போனார்.

ஜெயசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் இங்கேயே பரீட்சை எழுதுவாள்.

"இவ்வளவு நல்ல மனசை வச்சுக்கிட்டு, வந்ததும் ஏன் மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினீங்க?"

சாதிக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அதுவரை ஒளித்து வைத்திருந்த ஊர்ப் பாசம் இப்போது வெளியே வந்தது.

"நான் சொன்னதுல ஒரு சொல்லும் பொய் இல்ல தம்பி. ஆனா அவர் முன்னால நீங்க காக்கான்னு கூப்பிட்டு, நானும் பல்லைக் காட்டியிருந்தா, அந்த உண்மை ஊர்க்காரன் சிபாரிசாப் போயிருக்கும். இப்பக் கூப்பிடுங்க, காக்கான்னு."