இலக்கணத்துக்காகக் கேட்ட ஓணான்

அணில்களுக்குப் பொந்து குடைந்து கொடுக்கும் கம்பெனிக்கு ஓர் ஆண் மரங்கொத்தி வேலை கேட்டுப் போனது. மேனேஜர் ஓணானின் தலைக்கு மேல் காட்டின் புதுச் சட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்: 'வேலைக்கு வருகிறவரிடம் என்ன மதம், யாரோடு குடித்தனம் என்று கேட்கக் கூடாது.'

"நாங்க அதெல்லாம் கேக்கவே மாட்டோம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே சொன்னது ஓணான். "சும்மா பேச்சுக்கு... லீவு வெள்ளிக்கிழமை வேணுமா, ஞாயித்துக்கிழமையா?"

"எந்தக் கிழமை குடுத்தாலும் சரி சார்."

"வீட்ல அடைகாக்குறது யாரு?"

"முட்டையே கிடையாது சார். நானும் அவங்களும் மட்டும்தான்."

"அவங்கன்னா... அவரா, அவளா? தப்பா நினைக்காதீங்க, இலக்கணத்துக்காகத்தான் கேக்குறேன்."

"அவர்தான் சார்" என்றது மரங்கொத்தி, எரிச்சலை விழுங்கிக்கொண்டு.

அதுவரை ஆடிக்கொண்டிருந்த ஓணானின் தலை சட்டென்று நின்றது.

"இப்போதைக்கு ஆள் எடுக்கல. இருந்தா சொல்லி அனுப்புறோம்."

மரங்கொத்திக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன் சார், இவ்வளவு கேட்டீங்களே, எனக்குக் கொத்தத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஓணான் அண்ணாந்து சட்டத்தை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தது.

"அதைக் கேக்கணும்னு இதுல எங்கேயும் போடலையே?"